மொய் நோட்டு

பெசார் மாதம் பிறந்து பதினோரு நாள்.
வீட்டுக்கு வந்த அட்டைப்பெட்டிகள் ஆறு.
ஒவ்வொன்றிலும் சோறு, வதக்கிய நூடுல்ஸ்,
கைவிரல் நீளத்துக்குக் கோழி,
மூடியில் ஒட்டிய தாளில் மணமக்கள் பெயர்.
சாப்பிட்டுவிட்டால் போயே ஆகவேண்டும்.
சாப்பிடாவிட்டாலும் போயே ஆகவேண்டும்.
பிள்ளைகள் எலும்பைச் சப்புகிறார்கள்,
நான் நோட்டைப் புரட்டுகிறேன்.

மகனுக்குச் சுன்னத் செய்த வருடம்
வந்தவர் தந்ததெல்லாம் இதில் இருக்கிறது:
ருகாயா, சர்க்கரை இரண்டு கிலோ.
பானுட், இருபதாயிரம், கிழிந்த தாள் ஒன்று உட்பட.
ஜுமிரா, அரிசி பத்துக் கிலோ, சன்னரகம்.
அவள் பெயர்மேல் மட்டும்
ஒன்பது வருடமாகக் கோடு விழவில்லை.

பொனிடி வரப்பில் நடந்தான்.
கையில் தராசு இல்லை.
ஒரு கதிரை உருவினான், ஒரு மணியைக் கடித்தான்,
கண்ணை இடுக்கி வயலைப் பார்த்தான்.
பார்வையாலேயே அறுத்து, பார்வையாலேயே அடித்து,
மூட்டையும் கட்டி முடித்து
"நாற்பத்தைந்து லட்சம்" என்றான்.
அறுப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
"பொறுத்தால் ஐம்பத்திரண்டு" என்றேன்.
"பொறு" என்றான், மோட்டார் சைக்கிளை உதைத்தான்.
ஒன்பது நாளில் எலி வரலாம்.
காற்று வரலாம்.
பின்னாலிருந்து அவனைக் கூப்பிட்டது
என் குரல்தான்.

கசிரான் சுரபாயாவில் சாரத்தில் நின்று
பதினாலாவது மாடிக்குப் பூச்சு பூசுகிறான்.
போனில் "எவ்வளவு?" என்றான்.
சொன்னேன்.
சிமெண்டு கலக்கும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

ஜுமிராவுக்கு ஒரே மகள்.
தைவானில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
அங்கேயே ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு
கல்யாணத்தை முடித்து, படம் அனுப்பினாள்.
படத்தில் இரண்டு பேர், தொட்டியில் ஒரு செடி.
பந்தல் இல்லை, நோட்டு இல்லை.
முப்பது வருடமாக ஜுமிரா தலையில் சுமந்துபோய்க் கொடுத்த அரிசி
அறுபத்தோரு வீடுகளில் நின்றுவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஏழாவது பெட்டி வந்தது.
ஜுமிரா வீட்டுப் பெட்டி.
பெயர்கள் இருக்கவேண்டிய தாளில்
'தண்ணீர் மோட்டார் வாங்கிய விருந்து'.

யாரும் சிரிக்கவில்லை.
ஊரே நோட்டைத் திறந்தது.

உழவுக் கூலி, உரக்கடை, வங்கித் தவணை, ஆறு உறைகள்.
பொனிடியின் பணம் இவ்வளவுதூரம் நடந்து களைத்துவிட்டது.
அரிசியோ அரிசியாகத்தான் திரும்பவேண்டும்.
அவன் அனுப்பிய இயந்திரம்
வானொலிச் செய்தி முடிவதற்குள் வயலை முடித்தது.
அது சிந்தியதைப் பொறுக்கப் பெண்கள் இறங்கினார்கள்.
நானும் இறங்கினேன், என் வயலில்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
சுலாஸ்த்ரி மட்டும் கொஞ்சம் நகர்ந்து
கதிர் அதிகமாய்க் கிடந்த மூலையை விட்டுக்கொடுத்தாள்.
அடுத்த இரண்டு நாள் மற்றவர் வயல்களில்.
ஆலையில் அரைத்தபோது தவிடு போக
ஒரு பை.

ஜுமிராவின் முற்றத்தில், நாற்காலியில்,
நீல மோட்டார் மல்லிகைச்சரத்தோடு உட்கார்ந்திருந்தது.
திரைக்குப் பின்னால் தொங்குதராசு.
தங்கைக்காரி தூக்கிப் பார்த்து
"ஒன்பதே முக்கால்" என்றாள் மெதுவாக.
"பத்து என்று எழுது" என்றாள் ஜுமிரா.

பிறகு எல்லோரும் பார்க்கட்டுமென்று
மோட்டாரின் சுவிட்சைப் போட்டாள்.
நானூற்றைம்பது வாட் இணைப்பு,
ஏற்கெனவே ஒலிபெருக்கி அதைக் குடித்துக்கொண்டிருந்தது.
பாட்டு, விளக்கு, மின்விசிறி
எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன.
இருட்டில்தான் நாங்கள் சிரித்தோம்.
முகம் தெரியாமல், வயிறு வலிக்க.
அதில் ஜுமிராவின் சிரிப்பும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் பெயர்மேல் கோடு போட்டேன்.
பக்கத்தில் பென்சிலால்,
அவள் பார்க்கமுடியாத என் நோட்டில்:
கால் கிலோ, பாக்கி.